அன்னத்தின் அடிவயிறு

தொங்கு விளக்கு செய்ய நினைக்கிற தச்சன் முதலில் மல்லாந்து படுக்கப் பழக வேண்டும். இதைச் சொன்னால் எங்கள் பட்டறை இளவட்டங்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இப்போது பெரிய வீடுகளிலெல்லாம் மின்சார விளக்கு வந்துவிட்டது. நடுக்கூடத்தில் பல்பு மொட்டையாகத் தொங்குவது வீட்டுக்காரர்களுக்குப் பிடிக்கவில்லையாம். அதைச் சுற்றிப் பூவும் பறவையுமாக மரத்தில் செய்து தரச் சொல்கிறார்கள். அப்படி ஒரு வேலை வந்ததும், "பெரியவரே, நீங்க அந்தக் காலத்துலயே மர விளக்கு செஞ்சியளாமே?" என்று என்னைத் தேடி வந்துவிட்டார்கள். உளியைக் கீழே வைத்துவிட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவனிடம் வேலையைப் பற்றி யாராவது வந்து கேட்டால் விடுவானா? கேட்டதற்கு மேலேயே சொல்கிறேன்.

நான் திருநெல்வேலியில் கோயில் வாகனம் செய்யும் பட்டறையில் வேலை பார்த்தவன். திருவிழாவில் சுவாமி ஏறி வருகிற மரக் குதிரை, காளை, யானை, அன்னம் எல்லாம் எங்கள் கையால் ஆனவை. வேலை பழகின காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உளி தீட்டினேன், திட்டு வாங்கினேன், விரலை வெட்டிக்கொண்டேன், மறுபடியும் உளி தீட்டினேன். முதலில் குதிரையின் குளம்பு கொடுத்தார்கள். பிறகு வால், பிறகு பிடரி. இப்படிப் பின்னாலிருந்து ஊர்ந்து முகத்துக்கு வந்து சேர்ந்தபோது எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள்.

பட்டறைத் தலைவர் நம்பி ஆசாரி. ஒல்லியான மனிதர், பேச்சும் அதைவிட ஒல்லி. எங்கள் தொழிலில் கோடு போடுகிறவர் ஒருவர், அந்தக் கோட்டின்மேல் கொத்துகிறவர்கள் பலர். கரி தடவிய நூலை மரத்தின்மேல் இழுத்துப் பிடித்து விரலால் சுண்டினால் கோடு விழும். அதை வைத்துத்தான் தலை எங்கே, வயிறு எங்கே என்று பிரித்து உருவத்தை வரைவது. அந்த நூல் நம்பி ஆசாரியின் மடியில் இருக்கும். சாப்பிடும்போதும் இருக்கும். தூங்கும்போதும் இருக்குமா என்று அவர் சம்சாரத்திடம் கேட்க எங்களுக்குத் தைரியம் இல்லை. நாங்கள் எவ்வளவு அழகாகக் கொத்தினாலும் அது அவர் கோடுதான். முப்பது வயது தாண்டியும் நான் என் கையால் ஒரு கோடு போட்டதில்லை. ஒரே ஒரு உருப்படியையாவது நானே வரைந்து நானே கொத்த வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை. அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன சொல்வார் என்பதும் தெரியும். ஒன்றும் சொல்ல மாட்டார்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை சரியில்லை என்றால் வாயால் சொல்ல மாட்டார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கெட்டுப்போன இடத்தின்மேல் போட்டு மூடிவிட்டு, வெற்றிலை போடப் போய்விடுவார். திரும்பி வருவதற்குள் கொத்தினவன் என்ன தப்பு என்று கண்டுபிடித்துவிட வேண்டும். ஒரு முறை நான் செய்த காளையின் முகத்தை மூடிவிட்டுப் போனார். மூக்கு, நெற்றி, கண் எல்லாம் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் பார்த்தால் ஒரு காது மற்றதைவிடக் கொஞ்சம் முன்னால் இருந்தது. திட்டியிருந்தால்கூட அன்று ராத்திரி சாப்பாடு இறங்கியிருக்கும்.

இனி விளக்கு. சுதேசிப் பேச்சு ஊரெல்லாம் பலமாக இருந்த காலம் அது. பாளையங்கோட்டையில் ஒரு வக்கீல் பிள்ளைக்கு மகள் கல்யாணம் வந்தது. அவர் கோர்ட்டுக் கச்சேரியில் சக வக்கீல்கள் நாலு பேர் முன்னால், என் வீட்டுக் கல்யாணத்தில் கப்பலேறி வந்த சாமான் ஒன்றுகூட இருக்காது என்று சவால் விட்டுவிட்டார். சேலை, வேட்டி எல்லாம் உள்ளூர்த் தறி. சீனிக்குப் பதில் கருப்பட்டி. நடுக்கூடத்து விளக்கில்தான் வம்பு வந்தது. அவர் சம்சாரம் சிவகாமி அம்மாளின் உடன்பிறந்த அண்ணாச்சி டவுனில் பெரிய வியாபாரி. அவரிடம் சீமையிலிருந்து வந்த கண்ணாடித் தொங்கு விளக்கு ஒன்று இருந்தது. சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் வைக்கோலில் பொதிந்து வண்டியில் ஏற்றி அனுப்பிவைப்பார். அம்மாளுக்கு அந்த விளக்கு வந்தால்தான் கல்யாண வீடு. வக்கீலுக்கோ அது வந்தால் மானம் போச்சு.

வக்கீல் பிள்ளை பட்டறைக்கு வந்து நம்பி ஆசாரியிடம் விவரமெல்லாம் சொன்னார். கூடத்து உத்தரத்தில் கொக்கி ஒன்றுதான் இருக்கிறதாம். மர விளக்கு பார்க்க லட்சணமாக இருந்தால் அது தொங்கட்டும், இல்லாவிட்டால் அண்ணாச்சி விளக்குதான் என்று அம்மாள் தீர்ப்புச் சொல்லிவிட்டாராம். கோர்ட்டில் எத்தனையோ பேரை மடக்கின மனிதர், எங்கள் மரச்சிராய்க்கு நடுவில் நின்று கையைப் பிசைந்தார். "என் பேரு உம்ம கையிலதான் இருக்குவே, ஆசாரி" என்றார். நம்பி ஆசாரி தலையை ஆட்டினார். அதுவரைக்கும் அவர் வீட்டு வேலை எதையும் ஒப்புக்கொண்டதில்லை. ஏன் ஒப்புக்கொண்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தக் கண்ணாடியைப் பற்றிக் கேட்டு ரோஷம் வந்திருக்கலாம்.

ஐந்து அன்னங்கள். வாலெல்லாம் நடுவில் ஒரு தாமரையில் வந்து கூட, தலைகள் ஐந்து பக்கமும் வெளியே நீண்டிருக்கும். ஒவ்வோர் அலகும் ஒரு பித்தளைக் கம்பியைக் கவ்வியிருக்கும். கம்பி ஒரு சாண் வெளியே போய்க் கீழே வளையும். அதன் முனையில் எண்ணெய்க் கிண்ணம். தீ மரத்துக்கு எட்டாமல் தள்ளியே எரியும். மண்ணெண்ணெயும் கப்பலில் வந்ததுதான் என்பதால் நல்லெண்ணெய்தான். திருகாணியும் கூடாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். அது எங்களுக்குச் சௌகரியமாகப் போயிற்று, நாங்கள் எப்போதுமே மர முளைதான் அடிப்பது. களக்காட்டுப் பக்கத்திலிருந்து வண்டியில் வந்த குமிழ் மரம், கனம் இல்லாதது. கனம் இன்னும் குறைய வாகனத்துக்குச் செய்வதுபோலவே வயிற்றைக் கீழிருந்து குடைந்தெடுத்து, அடியில் ஒரு பலகை வைத்து மூடி முளை அடித்தோம். கழுத்தைத் தனியாகச் செய்து உடம்பில் செருகினோம். எந்த மூடி எந்த அன்னத்துக்கு என்று மாறிவிடாமல் இருக்க, மூடியின் அடிப்பக்கம் ஒரு வெட்டு, இரண்டு வெட்டு, பெருக்கல் குறி என்று உளியால் அடையாளமும் வைத்தோம்.

வேலை முடிந்து மேடையில் வைத்தபோது சுற்றிச் சுற்றி வந்து பார்த்தோம். முதுகில் இறகுக்கு மேல் இறகு அடுக்கு. கொண்டை, கழுத்தில் சலங்கை மாலை, இமை எல்லாம் இருந்தன. நம்பி ஆசாரி துண்டை எடுக்கவில்லை. அதைவிடப் பெரிய பாராட்டு எங்களுக்குத் தெரியாது.

கல்யாணத்துக்கு ஒரு வாரத்துக்கு முன்பு விளக்கைக் கொண்டுபோய் மாட்டிப் பார்த்தோம். பொழுது சாயும் நேரம். ஐந்து திரியையும் ஏற்றிவிட்டு, கப்பியில் கயிற்றைப் போட்டுப் பைய மேலே இழுத்தோம். கயிற்றைக் கட்டிவிட்டுத் தலையை நிமிர்த்தினோம்.

இறகு எங்கே? கொண்டை எங்கே? மேலே இருந்தன, உத்தரம் பார்க்கும்படி. கீழே நிற்கிறவர்களுக்குத் தெரிந்தது ஐந்து தட்டைப் பலகை. விளக்குக் கிண்ணம் தாழ்வாகத் தொங்கியதால் வெளிச்சமெல்லாம் அந்தப் பலகையின் மேலேயே விழுந்து, முளைத் தலைகளும் வெட்டு அடையாளங்களும் பளிச்சென்று தெரிந்தன. எங்கள் பரம்பரையில் எந்த அன்னமும் பறந்ததில்லை. பலகைமேல் உட்கார்ந்துதான் பழக்கம். அடிவயிற்றை யாராவது பார்ப்பார்கள் என்று நம்பி ஆசாரியிலிருந்து கடைசி ஆள் வரை ஒருவருக்கும் தோன்றவில்லை.

சிவகாமி அம்மாள் நடுக்கூடத்தில் வந்து நின்று நிதானமாகப் பார்த்தார். "அன்னம்னு சொன்னாக. எனக்கு அஞ்சு அருவாமணையைக் கவுத்துப் போட்ட மாதிரிலா தெரியுது" என்றார்.

பலகையும் வளைந்த கழுத்துமாக, காய் நறுக்கும் அருவாமணை அச்சாக அப்படித்தான் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது, உதட்டைக் கடித்துக்கொண்டேன். வக்கீல் பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. அம்மாள் கோபப்படவும் இல்லை. அண்ணாச்சிக்கு ஆள் அனுப்பி விளக்கை எடுத்துவைக்கச் சொல்லப் போவதாகச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். நம்பி ஆசாரியின் கை தோளில் கிடந்த துண்டுக்குப் போயிற்று. ஆனால் தப்பு ஆகாயத்தில் தொங்குகிறது, எப்படி மூடுவது? முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். அந்த மனிதரின் முதுகு அப்படிக் கூனி நான் பார்த்ததில்லை. அப்போதுதான் என் சிரிப்பு போயிற்று.

மறுநாள் விடிந்ததும் நான் மட்டும் பாளையங்கோட்டைக்குப் போனேன். விளக்கை இறக்கி வண்டிக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். அதைக் கொட்டகை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். கீழே ஒரு சாக்கை விரித்து மல்லாந்து படுத்தேன். வண்டிக்காரர் எட்டிப் பார்த்து, உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். படுத்த மாதிரியே அரை நாழிகை பார்த்தேன். பிறகு ஒரு கம்பு முனையில் கரித்துண்டைக் கட்டி, அந்த மூடிப் பலகைகளின்மேல் வரைய ஆரம்பித்தேன். நூல் இல்லை, கேட்கவும் இல்லை. நம்பி ஆசாரி செய்த உருப்படியின்மேல் அவர் உத்தரவில்லாமல் கரி வைக்கிறோம் என்று தெரிந்துதான் வைத்தேன். ஆனாலும் என்ன சந்தோஷம்! வயிற்று இறகு, மார்பு மடிப்பு, சிறகின் அடிப்பக்கம் என்று கம்பு தானாக ஓடியது.

பாதியில் தலைமாட்டில் இரண்டு கால்கள் வந்து நின்றன. அந்தக் கால்களை எனக்குத் தெரியும். எழுந்திருக்கவும் பயம், படுத்திருக்கவும் பயம். கம்பைப் பிடுங்கி எறிவார் என்று காத்திருந்தேன். நம்பி ஆசாரி தோளிலிருந்து துண்டை எடுத்தார். தரையில் விரித்தார். என் பக்கத்தில் மல்லாந்து படுத்தார்.

கரி போன வழியெல்லாம் கண்ணால் தொடர்ந்து பார்த்தார். பிறகு, "கால் எங்கலே?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"பறக்குத பறவைக்குக் கால் எங்கன இருக்கும்? வயித்துக்குள்ளயா, வெளியிலயா?"

யோசித்தேன். தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. ஆயிரம் பறவைக் கால் செய்த இரண்டு பேர், பறக்கிற பறவையின் காலைக் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் பறவைகளின் கால்கள் எப்போதும் பலகையில்தான் ஊன்றியிருக்கும்.

"வா" என்று எழுந்தார். நேரே தாமிரபரணிக்குப் போனோம். காலை வெயில் ஏறாத நேரம். குளங்களிலிருந்து கொக்கும் நாரையும் ஆற்றைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. மணலில் இருவரும் மல்லாந்து படுத்தோம். குளிக்க வந்தவர்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் சோடா வாங்கிவரவா என்று கேட்டார். துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பு அக்கரைக்குக் கேட்டிருக்கும். நாங்கள் அசையவில்லை. கொக்கு கழுத்தை மடித்துக்கொண்டு பறந்தது, நாரை நீட்டிக்கொண்டு பறந்தது. ஆனால் கால் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான். சேர்த்து ஒட்டவைத்தாற்போல் பின்னால் நேராக நீண்டு, வாலையும் தாண்டி வெளியே தெரிந்தது.

"வாலுக்கு வெளிய வருது, பாத்தியா" என்றார். பார்த்தேன் என்று நான் வாயைத் திறந்த நேரத்தில் ஒரு கொக்கு என் நெஞ்சின்மேல் எச்சமிட்டுவிட்டுப் போனது. நம்பி ஆசாரி சிரித்தார். அவர் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் புரண்டார்.

அப்புறம் வேலை பறந்தது. விளக்கைப் பட்டறைக்குக் கொண்டுபோய், பழைய மூடிகளைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தடித்த குமிழ் பலகையில் புது மூடி செய்தோம். அடிவயிறு உப்பலாக, இறகோடு, காலும் அதே மரத்தில் பின்னால் நீண்டு வால் தாண்டித் தாமரைக்கு அடியில் வந்து கூடும்படி. ஐந்துக்கும் நான்தான் கரியால் வரைந்தேன். அவர் உளியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்து கொத்தினார். அதைப் பார்த்து மற்ற ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் கிலி. அவசரத்துக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார், கல்யாணம் முடிந்ததும் பழையபடி கொத்துகிறவனாகத்தானே இருக்கப்போகிறேன் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

கடைசியில் கழுத்து. உடம்பில் செருகியிருக்கிற இடத்தில் கீழ் விளிம்பை நெல்லளவு சீவினால் தலை கீழே தணியும். அதிகம் சீவினால் தலை தொங்கிச் சீக்கு வந்த கோழி போல ஆகிவிடும். அவர் கீழே படுத்துக்கொண்டார். நான் ஏணியில் நின்று சீவிச் சீவிச் செருகினேன். "இன்னும் கொஞ்சம்... இன்னும்... போதும், என்னைப் பாக்குது" என்பார். அடுத்த அன்னத்துக்குப் போவேன். ஐந்தும் அவரைப் பார்த்த பிறகுதான் எழுந்தார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, அண்ணாச்சியின் விளக்கும் வண்டியில் வந்து வாசலில் நின்றது. வைக்கோலைப் பிரித்து ஒவ்வொரு கண்ணாடித் தொங்கலாக அவரே துடைத்துக்கொண்டிருந்தார். வக்கீல் பிள்ளை அந்தப் பக்கமே பார்க்காமல் உள்ளுக்கும் வெளிக்குமாக நடந்தார். இன்னொரு தரம் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக அம்மாள் இறங்கிவந்திருந்ததால், நாங்கள் எங்கள் விளக்கைக் கொக்கியில் ஏற்றினோம். கூடத்துக் கதவுகளைச் சாத்தித் திரியும் ஏற்றியாயிற்று. சிவகாமி அம்மாள் வந்தார். நிமிர்ந்தார். கீழிருந்து விழுந்த வெளிச்சத்தில் ஐந்து வயிறும் மஞ்சளாக, ஐந்து ஜோடிக் கால்களும் பின்னால் நீண்டு, கழுத்தைத் தணித்து அவரையே பார்த்துக்கொண்டு, அன்னங்கள் கூடத்துக்கு மேலே பறந்துகொண்டிருந்தன. அம்மாள் இரண்டடி இந்தப் பக்கம் வந்து பார்த்தார். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "அண்ணே, சமையப் பந்தல்ல வெளிச்சம் பத்தலைன்னு சொல்லுதாக. உங்க விளக்கை அங்கன மாட்டிருவமா?" என்று கேட்டார்.

வக்கீல் பிள்ளை பட்டென்று உள்ளறைக்குள் போய்விட்டார். அங்கே சிரித்தாரா அழுதாரா தெரியாது. சீமைக் கண்ணாடி விளக்கு அன்று ராத்திரி கத்தரிக்காய்க் குவியலுக்கு மேலே பளபளவென்று தொங்கியது. சுதேசிச் சவாலுக்கு அது பொருந்துமா என்று கேட்டவர்களிடம், சமையல் பந்தல் வீட்டில் சேராது என்று வக்கீல் சட்டம் பேசினார்.

முகூர்த்தம் முடிந்து பந்தி முடிந்தது. அந்தக் காலத்து வழக்கப்படி எங்களுக்குப் பின்கட்டில் இலை போட்டார்கள். சாப்பிட்டுவிட்டு நானும் நம்பி ஆசாரியும் பக்கவாசல் ஓரமாக வந்து நின்று கூடத்தைப் பார்த்தோம். கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட ஆண்கள் என்ன செய்வார்கள்? வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, மேல்துண்டைத் தலைக்கு வைத்து, வரிசையாக மல்லாந்து படுத்திருந்தார்கள். ஒருவரும் தூங்கவில்லை. எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வக்கீல்கள், மாப்பிள்ளை வீட்டார் என்று கூடம் நிறைய. நடுவில் அண்ணாச்சி, நல்ல கனத்த சரீரம். எந்தப் பக்கம் நகர்ந்து படுத்தாலும் ஓர் அன்னம் தன்னையே பார்ப்பதாகப் பக்கத்தில் இருந்தவரிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார்.

எங்களைக் கண்டதும் அவர் எழுந்து பக்கவாசலுக்கு வந்தார். தன் விளக்கு கத்தரிக்காய்க்கு மேலே தொங்கியதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. வியாபாரி, நல்ல சரக்கைக் கண்டால் விடமாட்டார். டவுனில் தாம் புதிதாகக் கட்டுகிற வீட்டுக்கும் இதேபோல் ஒரு விளக்கு வேண்டும், அன்னம் வேண்டாம், மயிலாக இருக்க வேண்டும் என்று நம்பி ஆசாரியிடம் சொன்னார். எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்டார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதோ பழையபடி ஆகப்போகிறது என்று நினைத்தேன்.

"அண்ணாச்சி, இதுக்குக் கோடு போட்டது நான் இல்ல" என்றார் நம்பி ஆசாரி. கூடத்தில் படுத்திருந்தவர்களுக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னார். "நான் போட்ட கோட்டுக்கு உங்க கண்ணாடிதான் இங்கன தொங்கியிருக்கும். கேக்க வேண்டியதை இவருகிட்ட கேளுங்க."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "மயில் முடியுமாவே?" என்றார்.

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துண்டால் துடைத்துக்கொண்டேன். நம்பி ஆசாரி மடியை அவிழ்த்து, கரி ஏறிக் கறுத்த அந்த நூல்கண்டை எடுத்தார். என் கையை இழுத்து அதில் வைத்து, விரல்களையும் அவரே மடக்கிவிட்டார்.

"முடியும்னு சொல்லும்வே" என்றார்.